எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, அடுத்து? புதுக் கார்க்காரர்களுக்கு முதல் வார வேலைகள்

கார் டெலிவரி எடுக்கிற நாளில் ஷோரூமில் அரை மணி நேரம் பாடம் நடக்கும். போனை ப்ளூடூத்தில் சேர்ப்பது, சன்ரூஃபைத் திறப்பது, மைலேஜ் குறையாமல் ஏசி போடுவது எல்லாம் சொல்வார்கள். அப்புறம் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, போட்டோ எடுத்து அனுப்பிவைப்பார்கள். ஏபிஎஸ் (பலமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது) வேலை செய்யும்போது பிரேக் மிதி காலுக்கடியில் எப்படி அதிரும், ஹெட்ரெஸ்ட் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

முதலில் ஒரு கணக்கு

காரில் பாதுகாப்பு இரண்டு வகை. மோதலைத் தடுக்கப் பார்ப்பவை ஒரு வகை: பிரேக், ஏபிஎஸ், இஎஸ்சி (வண்டி வழுக்காமல் பிடித்து நிறுத்துவது), டயர், விளக்கு, இப்போது வருகிற அடாஸ் (கேமரா வைத்துப் பார்த்து ஓட்டுநருக்கு உதவும்) சமாச்சாரங்கள். இது ஆக்டிவ் சேஃப்டி. மோதல் நடந்தே விட்டால் உள்ளே இருப்பவரைக் காப்பவை இன்னொரு வகை: சீட் பெல்ட், ஏர்பேக், ஹெட்ரெஸ்ட், நசுங்கிக் கொடுக்கும் முன்பக்கம், நசுங்காமல் நிற்கும் கூண்டு. இது பேசிவ் சேஃப்டி. விளம்பரத்தில் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகப் போடுவதால், ஒன்று குறைந்தாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். அதிலும் 'அஞ்சு ஸ்டார் வண்டி சார்' என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த ஸ்டார் எங்கிருந்து வருகிறது? கார்களை மோதவைத்துப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் நம் நாட்டின் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் முன்பக்க மோதல் சோதனை நடப்பது மணிக்கு 64 கி.மீ. வேகத்தில். பக்கவாட்டு மோதல் 50, கம்பத்தில் மோதுவது 29. நீங்கள் பைபாஸில் போவது 100. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 100இல் இருக்கும் ஆற்றல் 64இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதைப் பற்றி அந்த ஐந்து ஸ்டார் எதுவும் சொல்லவில்லை.

சரி, 100ஐ 64க்கு இறக்க எவ்வளவு தூரம் வேண்டும்? காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 32 மீட்டர். மழை பெய்து டயரும் தேய்ந்திருந்தால், அதே 32 மீட்டர் முடிகிற இடத்தில் வண்டி இன்னும் 81இல் போய்க்கொண்டிருக்கும். (வேகம் ஒவ்வொரு நொடியும், காய்ந்த சாலையில் நொடிக்கு 7 மீட்டரும் ஈரச் சாலையில் 4 மீட்டரும் குறைவதாக வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. உங்கள் வண்டியில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

இரண்டு வகைக்கும் உள்ள உறவு இதுதான். வேகத்தைத் தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிக் கொடுப்பது பிரேக், டயர் கூட்டத்தின் வேலை. மிச்சத்தை வாங்கிக்கொள்வது பெல்ட், ஏர்பேக் கூட்டத்தின் வேலை. பாரத் என்கேப்பில் மூன்று ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க வேண்டுமானால் வண்டியில் இஎஸ்சி இருந்தாக வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம்.

1. பின் சீட்டு இடுக்கில் கையை விடுங்கள்

புது சீட் கவர் போட்டதும் முதலில் காணாமல் போவது பின் சீட் பெல்ட்டின் பூட்டுதான். கவருக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். என் வண்டியில் தேடியபோது ஒரு கடலை மிட்டாய்த் தாள், இரண்டு ரூபாய் நாணயம், அதற்குக் கீழே நடு சீட்டின் பூட்டு கிடைத்தது. மூன்று பூட்டுகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டிப் பாருங்கள். 'டிக்' என்று கேட்க வேண்டும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். பூட்டு அமுங்குகிற மாதிரி இருந்தால் கவரில் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். கவர் போனால் போகட்டும்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை, இருவரும் இறந்தார்கள். முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். அதே 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் பெல்ட் போடாதவர்கள் 16,715 பேர். ஓட்டியவர்கள் பாதி, கூட வந்தவர்கள் பாதி.

என் பெரியம்மா பின் சீட்டில் ஏறினால் ஒரே வசனம்தான்: "பின்னாடிதானே உட்கார்ந்திருக்கேன், எனக்கெதுக்குடா இந்தக் கயிறு?" சட்டம், அபராதம் 1,000 ரூபாய் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒருநாள், "பெரியம்மா, நான் பிரேக் அடிச்சா நீங்க வந்து என் முதுகுலதான் விழுவீங்க, அப்புறம் வண்டிய யார் ஓட்டுறது?" என்றேன். அன்றிலிருந்து போடுகிறார். சொன்னதில் மிகை இல்லை. பெல்ட் போடாத பின் சீட்டு ஆள், முன் சீட்டில் பெல்ட் போட்டவரையும் சேர்த்து நசுக்குவார்.

ஏர்பேக் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங் மேல் எஸ்ஆர்எஸ் என்று மூன்றெழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் முதல் எழுத்துக்கு 'துணைக்கு' என்று பொருள். பெல்ட்டுக்குத் துணை. நீங்கள் பதறி பிரேக்கை அழுத்தும்போது, பெல்ட் போடாத உடம்பு மோதலுக்கு முன்பே முன்னால் சரிந்துவிடும். கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிற பையின் வாயிலேயே முகம் இருக்கும். பெல்ட் இல்லாதவருக்கு நல்ல பிரேக்கே ஏர்பேக்கை ஆபத்தாக்கிவிடுகிறது.

பெல்ட் அலாரத்தை ஏமாற்ற ஒரு சின்னக் கொக்கி விற்றார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஆன்லைன் கடைகளிலிருந்து அதை எடுக்க வைத்தது. உங்கள் வண்டியில் யாராவது செருகி வைத்திருந்தால் பிடுங்கிப் போடுங்கள்.

2. உட்காரும் விதம்

மூன்று புள்ளி பெல்ட்டை வோல்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் 1959இல் வடிவமைத்தார். காப்புரிமை எடுத்தும் மற்ற நிறுவனங்கள் பயன்படுத்த அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. இடுப்பு எலும்பும் தோள்பட்டை எலும்பும் அடியைத் தாங்க வேண்டும், வயிறு தாங்கக் கூடாது என்பதுதான் அதன் சூட்சுமம். அதனால் கீழ்ப்பட்டை தொப்பைக்கு மேலே ஓடக் கூடாது, தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளும் போட வேண்டும்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், மேல்பட்டை மார்புக்கு நடுவே. சேலை முந்தானை, துப்பட்டா மடிப்புகளைப் பெல்ட்டுக்கு அடியில் சுருட்டி வைக்காதீர்கள், அந்த அளவுக்குப் பெல்ட் தளர்ந்துவிடும். கழுத்தை அறுக்கிறது என்று மேல்பட்டையைக் கக்கத்துக்கு அடியில் விடுவது பெரிய தப்பு. பல கார்களில் பக்கத்துத் தூணில் பெல்ட்டை ஏற்றி இறக்க ஒரு பட்டன் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

ஓட்டுநரின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். விரித்த ஒரு சாண் கையைவிடக் கொஞ்சம் கூட. புதிதாக ஓட்டுபவர்கள் பானெட் தெரியவில்லை என்று ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். பின்னால் தள்ளி, சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு தலை உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும், காதுக்குக் கீழே இறங்கவே கூடாது. பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்து பின்பக்கம் மடங்காமல் பிடிப்பது அதுதான். கழற்றிக் கண்ணாடியை உடைக்கத்தான் அதன் கம்பிகள் கூராக இருக்கின்றன என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றும். அது கதைதான்.

3. குழந்தை

இதில் கண்டிப்பாகவே சொல்கிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதை இன்றோடு விட்டுவிடுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்துவைக்க ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அது முடியாது. ஒரே பெல்ட்டுக்குள் இருவரும் இருந்தால், தாயின் எடை குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும்.

பின் சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் என்பது அதுதான். சைல்டு சீட்டை அதில் சொருகி, வலுவாக ஆட்டிப் பாருங்கள். கைக்குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், குறைந்தது 15 மாதம் வரை, இடம் கொடுத்தால் அதற்கு மேலும். குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு முழுவதும் அடியைப் பகிர்ந்துகொள்ளும். அந்த சீட்டை ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். வெயில் மறைப்பில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படம் அதைத்தான் சொல்கிறது.

முதல் வாரம் அழுவார்கள். பிறகு பழகிவிடும்.

4. நாமே சேர்க்கும் ஆபத்துகள்

என் காருக்கு ஷோரூமில் சீட் கவர் 'ஃப்ரீயாக' போட்டுக் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கி வந்தேன். முன் சீட்டின் கதவோரப் பக்கத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணி லேபிள் ஒன்று இருப்பதும், அதன் மேல் அந்தக் கவர் இறுக்கமாகத் தைத்து மூடியிருப்பதும் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கவாட்டுப் பை அங்கிருந்துதான் கிழித்துக்கொண்டு வர வேண்டும். உங்கள் சீட்டில் அந்த லேபிள் இருந்தால், அந்த இடத்தைத் திறந்து விட்ட கவர் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் கவரே வேண்டாம்.

அடுத்து டாஷ்போர்டு. இடப்பக்கம் பயணிக்கு எதிரே ஏர்பேக் மூடி இருக்கும். சரியாக அதன் மேல்தான் பிள்ளையாரை ஒட்டுவோம். பை விரியும்போது மூடியோடு பிள்ளையாரும் முகத்துக்கு வருவார். அவரை மூடியை விட்டு நடுவில் நகர்த்தி வையுங்கள். சின்னதாக, இலேசானதாக, நன்றாக ஒட்டியதாக இருக்கட்டும். கண்ணாடியை மறைக்கிற மாதிரி தொங்கும் மாலை, மணி எதுவும் வேண்டாம்.

முன்னால் இரும்புக் கம்பி வளைத்து மாட்டும் புல் பார் சட்டப்படியே கூடாது. மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியும் சொன்னது. நசுங்குவதற்கென்றே வடிவமைத்த பகுதிக்கு முன்னால் நசுங்காத கம்பியை வைத்தால், அடி நேராகச் சட்டகத்துக்குப் போகும். ஏர்பேக் சென்சாரும் குழம்பலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் பாட்டில் ஓட்டுநர் காலடியில் உருளக் கூடாது, பிரேக் மிதிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். கால்மிதி நழுவாமல் கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து கொண்டு வரும் அரிசி மூட்டையும் தேங்காயும் டிக்கியில்தான் இருக்க வேண்டும்.

5. டயர்

ஏபிஎஸ், இஎஸ்சி, அடாஸ் என்று என்ன கம்ப்யூட்டர் வைத்தாலும், கடைசியில் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயர், பின் டயர், ஆள் குறைவு, முழுச் சுமை என்று தனித்தனிக் காற்றழுத்தம் போட்டிருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் 'எவ்வளவு சார்?' என்றால் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், 'எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி அடி' என்று விட்டுவிடாதீர்கள். காலையில் டயர் சூடாகும் முன் பார்ப்பது நல்லது. மாதம் இருமுறை, நெடுந்தூரம் கிளம்பும் முன் ஒருமுறை.

டயர் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் ஓட்டுகிறவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் டயர் பிறந்த தேதி: 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். பழைய கார் வாங்கினால் ஸ்டெப்னியிலும் இதைப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புது ஜோடி பின்னால் போக வேண்டும். முன்னால்தானே இழுவை, அங்கே போடலாம் என்று டயர் கடையில் சொல்வார்கள். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

6. காலி மைதானத்தில் ஒரு காலை

இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. எனக்கு இதுதான் அதிகம் உதவியது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ஆளில்லாத, அகலமான மைதானம். தனியாகப் போங்கள், பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் இல்லையென்று பாருங்கள். 40 கி.மீ. வேகம் எடுத்து, பிரேக்கை ஒரே மிதியாக, ஆணி அடிக்கிற மாதிரி அழுத்துங்கள். கடகடவென்று சத்தம் வரும், மிதி காலை எதிர்த்து உதறும். முதல் முறை எல்லோருமே, ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். நானும் எடுத்தேன். அந்த உதறல்தான் ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. 2019 ஏப்ரலில் இருந்து இங்கே விற்கும் புதுக் கார்களில் கட்டாயம். நீங்கள் விட்டு விட்டு மிதிக்க வேண்டாம், நிற்கும்வரை அழுத்தியே வைத்திருங்கள்.

மூன்றாவது முறை, அழுத்தியபடியே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்புங்கள். வண்டி திரும்பும். ஏபிஎஸ்ஸின் அசல் லாபம் இந்தத் திரும்பல்தான். நிற்கும் தூரம் எப்போதும் குறையும் என்று சொல்ல முடியாது, மணலும் ஜல்லியும் கிடக்கும் ரோட்டில் கூடவும் செய்யும். குறுக்கே வந்த மாட்டைச் சுற்றிப் போக முடிகிறது என்பதுதான் விஷயம்.

இஎஸ்சி இதற்கு அடுத்த படி. வண்டி நீங்கள் திருப்பிய பக்கம் போகாமல் வழுக்கினால், ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து இழுத்து வருகிறது. 1997இல் மெர்சிடீஸ் ஏ கிளாஸ் கார், திடீரென்று விலகித் திரும்பும் சோதனையில் ஸ்வீடனில் கவிழ்ந்து பெயர் கெட்டது. பிறகு அந்த மாடல் முழுவதிலும் இதைப் பொருத்தினார்கள். வளைந்த கோடுகளுக்கு மேல் கார் படம் போட்ட பட்டன் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

7. இரவும் நிற்கும் லாரியும்

லோ பீம் வெளிச்சம் தோராயமாக 50 மீட்டர் எட்டும். 100இல் போகும்போது, கண்ணில் பட்டு மூளை முடிவெடுக்க ஒரு நொடி என்று வைத்தாலும் 28 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 55. மொத்தம் 83. அதாவது, வெளிச்சத்தில் எதையாவது பார்க்கும்போதே மோதல் முடிவாகிவிட்டது. 70இல் இந்தக் கூட்டல் 46 வரும். எதிரே வண்டி வந்து லோ பீமுக்கு மாறினால் வேகமும் கூடவே இறங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இருட்டில், பின்விளக்கு எரியாமல் ஓரமாக நிறுத்திய லாரிதான் நம் நெடுஞ்சாலையில் மோசமான எதிரி. அதன் பின்பலகை உங்கள் பானெட்டுக்கு மேலே இருக்கும். நசுங்க வேண்டிய முன்பகுதி லாரிக்கு அடியில் புகுந்துவிட, அடி நேராகக் கண்ணாடியிலும் தூண்களிலும் விழும். அங்கே ஐந்து ஸ்டார் பேசாது. இந்த ஒரு மோதலில் பேசிவ் கூட்டத்தை நம்ப முடியாது, விளக்கும் வேகமும்தான் காப்பாற்ற வேண்டும். ஹெட்லைட்டைத் துடைத்து வையுங்கள், மஞ்சளித்துப் போனால் பாலிஷ் போடுங்கள். இடது ஓரத்தை ஒட்டியே ஓட்டாதீர்கள்.

8. அடாஸ் இருந்தால்

தானாகப் பிரேக் பிடிப்பதை அணைக்காதீர்கள். அது முழுக்க நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 60இல் இடிக்க வேண்டியதை 35இல் இடிக்க வைத்தாலே அது பெரிய உபகாரம், மிச்சத்தைப் பெல்ட்டும் பையும் வாங்கிக்கொள்ளும். நம்மூர் நெரிசலில் பைக் குறுக்கே செருகினால் சும்மாவே திடுக்கென்று பிடிக்கும், பழகிக்கொள்ளுங்கள். கோடே அழிந்துபோன ரோட்டில் லேன் உதவியை நான் அணைத்துவிடுவேன்.

முன்கண்ணாடியின் மேல்நடுவில் இருக்கும் கேமரா முன்னால் ஸ்டிக்கர், பாஸ் எதுவும் ஒட்டக் கூடாது. கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு சரிசெய்தார்களா என்று கேட்டு, பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் இருக்கும் சின்னக் கடையில் இது பெரும்பாலும் நடக்காது.

9. மீட்டரில் எரியும் விளக்குகள், இடித்த பிறகு

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ், இஎஸ்சி விளக்குகள் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் இன்னும் சந்தேகம்: பழைய காரில், வெடித்த பையை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்து விற்பவர்கள் உண்டு. செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போனால் முதலில் இதைப் பாருங்கள், அப்புறம் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து ஓரம் நைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போதாவது பலமாக இடித்துவிட்டால், 108க்கு அடித்து ஆட்களைக் கவனித்த பிறகு, வண்டி ஒர்க்‌ஷாப் போகும்போது பெல்ட்டை மறக்காதீர்கள். பல கார்களில் மோதலின்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கச் சின்ன வெடிமருந்து ஒன்று உள்ளே இருக்கும். அது ஒருமுறைதான் வேலை செய்யும். பம்பரும் பெயின்ட்டும் மாற்றிவிட்டு, 'பெல்ட் நல்லாத்தான் சார் இருக்கு' என்று திருப்பித் தருவார்கள். இன்ஷூரன்ஸ் எஸ்டிமேட்டிலேயே பெல்ட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள், கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.